கட்டுப் பிரித்தாயிற்று, முழங்கை நிமிரவில்லை. யாரையாவது இழுத்து நிமிர்த்தச் சொன்னால் போதாதா, பிசியோதெரபி போயே ஆகணுமா?

இழுக்க விடாதீர்கள். பொறுமை இருந்தால் மீதியையும் படியுங்கள்.

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், வீட்டில் ஒருவர் ஏற்கெனவே உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "பல்லைக் கடிச்சுக்கோ, ஒரே இழு" என்று நிற்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு வாய்த்தவர் என் சித்தப்பா. அவர்மேல் பாசம் உண்டு, ஆனால் கையைக் கொடுக்கவில்லை.

எனக்கு உடைந்தது ஆரை எலும்பின் தலைப்பகுதி, அதாவது முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் எலும்பின் முழங்கை முனை. படியில் சறுக்கி உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். ஊன்றிய வேகம் அப்படியே மேலேறி முழங்கையில் போய் மோதும். பெரியவர்களுக்கு முழங்கையில் அதிகம் உடைகிற இடம் அதுதானாம். எலும்பு விலகாததால் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. ஆனால் கட்டை எடுத்தபோது கை 'ட' எழுத்து மாதிரி நின்றது.

பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் கோணமானியை வைத்து அளந்தார், குறித்துக்கொண்டார். பிறகு, ஏன் இழுக்கக்கூடாது என்று விளக்கினார். முழங்கையில் எலும்புகள் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாகப் பொருந்தி இருக்கின்றன. சுற்றியுள்ள மூட்டு உறை அடிபட்டாலோ அசையாமல் கிடந்தாலோ சீக்கிரம் தடித்துச் சுருங்கிவிடும். உறைக்கு முன்னால் ஒட்டினாற்போல ஒரு தசை இருக்கிறது. வெளியாள் வேகமாக இழுத்தால் அது கிழிந்து ரத்தம் கசியலாம், சிலருக்கு அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடுவதும் உண்டு. அப்படி வளர்ந்தால், நிமிர்த்தப் போன கை இன்னும் பூட்டிக்கொள்ளும்.

"எங்க மாமாவுக்கு இழுத்துத்தான் சரியாச்சு" என்று யாராவது கீழே எழுதுவார்கள். ஆகியிருக்கலாம், மகிழ்ச்சி. நான் டாக்டரும் இல்லை. எனக்குச் சொல்லப்பட்டதையும் நான் செய்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

செய்ததெல்லாம் பார்க்கச் சப்பென்று இருக்கும். மிதமான சூட்டில் ஒத்தடம். மல்லாந்து படுத்து, மேற்கைக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முன்கையைத் தன் எடையிலேயே மெல்ல இறங்க விடுவது. பிறகு, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவது. ஒட்டி வைக்காவிட்டால் தோள் திருட்டுத்தனமாக வேலையைச் செய்துவிடும், நாமும் கை திரும்பிவிட்டதாக நம்பிக்கொள்வோம். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சுத்தியல் வந்தது. கைப்பிடி நுனியைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் சாய்த்தால் அதன் தலைக் கனமே முன்கையைத் திருப்பிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்குப் பலமுறை. செய்யும்போது இழுவை தெரிவது சரி. மறுநாள் காலையிலும் வலியும் வீக்கமும் நின்றால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு உடைந்தது இடது கை. பார்க்க வந்த அத்தனை பேரும் "நல்லவேளை, இடது கைதான்" என்றார்கள். நான் இடது கைக்காரி! எழுதுவது, பல் தேய்ப்பது, பூட்டைத் திறப்பது எல்லாம் அந்தக் கையில்தான். எழுதுபலகை வைத்த நாற்காலி, கத்தரிக்கோல் என்று எல்லாவற்றையும் வலது கைக்கே செய்து வைத்திருக்கிற உலகம், அடிபட்டதற்கும் என்னையே அதிர்ஷ்டசாலி ஆக்கியது. வேலையிடத்தில் கட்டு இருந்தவரை கதவைத் திறந்துவிட்டவர்கள், கட்டு போனதும் "அதான் சரியாயிடுச்சே" என்று பெட்டியைத் தூக்கச் சொன்னார்கள். கட்டுக்குப் பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது என்பதை யாருக்கு விளக்க?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுசாக நிமிருமா என்றால், கடைசிச் சில டிகிரி பலருக்குத் திரும்புவதில்லை. என் கையும் இன்னும் கொஞ்சம் மடங்கியேதான் நிற்கிறது. பதற வேண்டாம். நல்ல முழங்கை நேராக நிமிர்ந்து (அதுதான் 0 டிகிரி), 140 டிகிரிக்கு மேலும் மடங்கும். அன்றாட வேலைகளுக்கு 30 முதல் 130 வரை போதும் என்று 1981-இல் மோரி என்ற மருத்துவரின் குழு அளந்து சொன்னது. அது கைபேசி இல்லாத காலத்துக் கணக்கு. காதில் வைத்துப் பேச இன்னும் அதிகம் மடங்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். எனக்கு மடங்குவது வந்துவிட்டது, அதனால் நிமிராத மிச்சத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

பிசியோதெரபிக்கு வாரம் முழுக்கப் போக முடியாவிட்டாலும், ஒருமுறையாவது போய்க் கோணத்தை அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு எங்கே, எப்படி உடைந்தது என்பதைப் பொறுத்து எந்தப் பயிற்சி எப்போது என்பது மாறும், என்னுடையதை அப்படியே செய்யாதீர்கள். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் மட்டும் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். முழங்கையின் உட்புறமாக ஓடும் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.