சூப்பர்மேனுக்கு முடிவு உண்டா? காரைக்குடி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் காமிக்ஸ் படிப்பவர்கள் இந்த முறை ஒரே விஷயத்தைப் பல பக்கங்களிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக வெளிவரும் ஒரு சூப்பர் ஹீரோவின் கதையில் தொடர்ச்சி எப்படிக் காப்பாற்றப்படுகிறது? அதற்கு முடிவு என்று ஒன்று உண்டா? கதைகளின் முடிவுகளை மறைக்காமல்தான் பேசியிருக்கிறேன். இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் பார்த்துப் படியுங்கள்.

சூப்பர்மேன் இறக்கும் கதையைப் படித்து அழுதுவிட்டேன். அடுத்த தொகுப்பிலேயே உயிரோடு வந்து நிற்கிறார். இது ஏமாற்று வேலை இல்லையா ஐயா?
– கல்லூரி மாணவர், புதுவயல்

தம்பி, அந்த மரணம் எப்படி வந்தது என்று தெரிந்தால் உன் கோபம் கொஞ்சம் தணியும். சூப்பர்மேனுக்கும் அவருடைய காதலி லோயிஸ் லேனுக்கும் திருமணம் செய்துவைக்கத்தான் எழுத்தாளர்கள் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். அதே ஜோடியை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் தயாராகிக்கொண்டிருந்ததால், காமிக்ஸ் திருமணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார்கள். பல மாதங்களுக்கென்று யோசித்து வைத்திருந்த கதை ஒரே நாளில் கையைவிட்டுப் போனது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் மரணம். 1992 நவம்பரில் வெளியான ‘சூப்பர்மேன்’ 75ஆம் இதழில் இறந்தார், 1993இலேயே திரும்பிவிட்டார், திருமணம் 1996இல் நடந்தது.

எழுதியவர்களே அதை முடிவாக எண்ணி எழுதவில்லை. ஆனாலும் அதற்கு அடுத்து வந்த துக்க இதழ்கள் மிக நல்லவை. அவர் இல்லாத நகரம் என்ன செய்கிறது, வளர்த்த பெற்றோர் வெளியே சொல்ல முடியாத துக்கத்தை எப்படித் தாங்குகிறார்கள் என்பதையெல்லாம் பொறுமையாகக் காட்டியிருப்பார்கள். நீ அழுதது அவற்றுக்காக என்றால் யாரும் உன்னை ஏமாற்றவில்லை.

முடிவு என்று எண்ணியே எழுதப்பட்ட சூப்பர்மேன் கதை இருக்கிறதா?
– பள்ளி ஆசிரியை, தேவகோட்டை

இருக்கிறது. என் கணக்கில் சூப்பர்மேனின் உண்மையான முடிவும் அதுதான்.

1985இல் தொடங்கி 12 இதழ்களில் ஒரு பெருங்கதை வந்தது. மார்வ் வுல்ஃப்மேன் எழுத, ஜார்ஜ் பெரஸ் வரைந்தார். சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்தின் கதைகளில் பல பூமிகள் இருந்தன. அவற்றையெல்லாம் அழித்து ஒரே உலகமாக்கிய கதை அது. அதன் பிறகு சூப்பர்மேனை முதலிலிருந்து புதிதாகச் சொல்லும் பொறுப்பு ஜான் பைர்னிடம் போனது. அதாவது, அதுவரை வந்த சூப்பர்மேன் கதைகள் எல்லாம் இனிக் கணக்கில் இல்லை. பழைய சூப்பர்மேன் இதழ்களின் ஆசிரியராக இருந்த ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் அப்போது ஒரு நல்ல காரியம் செய்தார். தொடர் நிஜமாகவே நின்றுபோனால் கடைசிக் கதை எப்படி இருக்குமோ, அப்படி ஒன்றை வெளியிட முடிவு செய்தார். ஆலன் மூர் எழுத, பல காலம் சூப்பர்மேனை வரைந்துவந்த கர்ட் ஸ்வான் வரைந்தார். 1986இல் இரண்டு இதழ்களில் அது வந்தது.

அதில் பழைய எதிரிகள் ஒவ்வொருவராக, முன்பு இல்லாத கொடூரத்தோடு வருகிறார்கள். நண்பர்கள் இறக்கிறார்கள். கடைசியில் சூப்பர்மேன், யாரையும் கொல்வதில்லை என்ற தன் விரதத்தைத் தானே உடைக்க நேர்கிறது. உடைத்தவர் அதோடு நிற்கவில்லை. தன் சக்தியை நிரந்தரமாகப் பறிக்கும் தங்க கிரிப்டோனைட் என்ற கல் இருக்கும் அறைக்குள் தானே நடந்து போகிறார். உலகம் அவர் இறந்துவிட்டதாக நினைக்கிறது. அவரோ வேறு பெயரில், மனைவி குழந்தையோடு, சாதாரண வேலைக்குப் போகும் மனிதராக வாழ்கிறார்.

இதை ஏன் முடிவு என்கிறேன் என்றால், இங்கே கதையை முடித்துவைப்பது எந்த எதிரியின் பலமும் இல்லை, அவருடைய குணம். இறந்தவரைப் பத்து வழிகளில் எழுப்பலாம். தன் விரதம் உடைந்ததால் தானே விலகிக்கொண்டவரைத் திரும்ப அழைக்க வேண்டுமென்றால், அவரை வேறு ஆளாக்கினால்தான் முடியும். அடுத்து வந்த சூப்பர்மேன் வேறு ஆள்தான்.

பேட்மேனுக்கு மட்டும் ஏன் வயதாவதில்லை?
– பதினோராம் வகுப்பு மாணவி, கானாடுகாத்தான்

நல்ல கேள்வி அம்மா. அவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வயதாகிறது என்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. 1940இல் பேட்மேனின் தோழனாக, சிறுவனாக வந்த ராபின் 1969இல் கல்லூரிக்குப் போனான். 1984இல் நைட்விங் என்ற பெயரில் தனி வீரனாகிவிட்டான். அவனை வளர்த்த பேட்மேன் மட்டும் அதே வயதில் நிற்கிறார். வாசகர்கள் இதைப் பெரிதாகக் கேட்காமல் இருக்க, நடந்தவை அனைத்தும் கடந்த சில ஆண்டுகளில்தான் நடந்தன என்று பதிப்பகங்கள் காலத்தை நகர்த்திக்கொண்டே வரும். இன்னொரு பெரிய பதிப்பகமான மார்வெலிலும் இதே வழக்கம்தான். 1963இல் வியட்நாமில் காயம்பட்ட அயர்ன் மேன், பின்னாளில் ஆப்கானிஸ்தானில் காயம்பட்டவராக மாற்றப்பட்டார்.

ஆனால் வயதான பேட்மேன் ஒருவரும் இருந்தார். மேலே சொன்ன பல பூமிகளில் இரண்டாம் பூமியில் பழைய தலைமுறை வீரர்கள் இருந்தார்கள். விற்பனைக்கு ஓடிக்கொண்டிருந்த முதன்மை வீரர்கள் வேறு பூமியில் இருந்ததால், இவர்களுக்கு நரை விழ விடலாம் என்ற சுதந்திரம் எழுத்தாளர்களுக்குக் கிடைத்தது. அந்த பேட்மேன் கேட்வுமன் என்ற செலினா கைலை மணந்தார். மகள் பிறந்து, வளர்ந்து ஹன்ட்ரஸ் என்ற வீராங்கனை ஆனாள். 1979இல் அவர் இறந்தார், எழுந்து வரவில்லை. பலர் படிக்காத இந்தக் கதைதான் பேட்மேனுக்குக் கிடைத்த மிக முழுமையான வாழ்க்கை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இறந்தவர்களில் யாராவது இறந்தவராகவே இருக்கிறாரா?
– குன்றக்குடி வாசகர்

மிகச் சிலரே. மார்வெலின் முதல் கேப்டன் மார்வெல் 1982இல் புற்றுநோயில் இறந்தார். அந்தப் பெயர் வேறு வடிவங்களில் வந்துபோனாலும் அந்த மரணத்தை யாரும் அழிக்கவில்லை. எதிரி அடித்து இறந்திருந்தால் எழுப்பியிருப்பார்கள். நோயில் படுத்து, நண்பர்கள் சுற்றி நிற்க இறந்தவரை எழுப்பக் கை வரவில்லை போலும். 1964 முதல் இறந்தவராகவே பேசப்பட்ட கேப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கி 2005இல் திரும்பினான். 1988இல் வாசகர்களே தொலைபேசியில் வாக்களித்துக் கொன்ற இரண்டாவது ராபினும் அதே 2005இல் திரும்பினான்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் வேதாளரின் பழைய இந்திரஜால் இதழ்கள் கிடைத்தன. அவரைச் சாகாதவர் என்கிறார்கள், குகைக்குள் முன்னோர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. எது சரி?
– காரைக்குடி வாசகர்

இரண்டும் சரி. கிடைத்த இதழ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, இப்போது அவை எளிதில் அகப்படுவதில்லை.

ஆங்கிலத்தில் ஃபேண்டம் எனப்படும் வேதாளர், லீ ஃபாக் 1936 பிப்ரவரியில் தொடங்கிய கதை. 1536இல் கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்த ஒருவர், கொன்றவனின் மண்டையோட்டின் மீது சபதம் எடுக்கிறார். அவர் முதல் வேதாளர். இறக்கும்போது மகன் அதே முகமூடியை அணிகிறான். வெளியுலகம் மாற்றத்தை அறியாததால் ஒரே ஆள் நானூறு ஆண்டுகளாக வாழ்கிறார் என்று நம்புகிறது. நாம் படிப்பது இருபத்தோராவது வேதாளரின் கதை. நம் நகரத்தார் வீடுகளில் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரை வைப்பதால் கணக்குப் புத்தகத்தில் அதே பெயர் தலைமுறை தாண்டித் தாண்டி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் நிற்கிறது, ஆள் போகிறார். ஃபாக் செய்தது ஏறக்குறைய அதுதான்.

மரணமும் வேண்டும், தொடரும் நிற்கக்கூடாது என்ற சிக்கலுக்கு இதைவிட நல்ல தீர்வை எந்த சூப்பர் ஹீரோ கதையிலும் நான் பார்த்ததில்லை. சூப்பர்மேனுக்கும் இரண்டாண்டு முன்பே ஒருவர் இதை யோசித்துவிட்டார்! 1977இல் காதலி டயானாவோடு வேதாளருக்குத் திருமணம், 1979இல் கிட், ஹெலோயிஸ் என்று இரட்டைக் குழந்தைகள். வாரிசும் தயார். ஆனால் தொண்ணூறு ஆண்டுகளாக அதே இருபத்தோராவது வேதாளர்தான் குகையில் இருக்கிறார். இருபது பேர் கதைக்கு முன்பே இறந்துவிட்டார்கள், நம் கண் முன்னால் ஒருவரும் இறக்கவில்லை. வழியைத் திறந்து வைத்துவிட்டு அதில் நடக்க மறுப்பது எனக்குப் பெரிய வருத்தம். மகன் கிட் முகமூடி அணியும் நாளை முறையாக எழுதினால் வாசகர் விலகமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

எந்த மாற்றம் உங்களை அதிகம் புண்படுத்தியது?
– பள்ளத்தூர் வாசகர்

ஸ்பைடர்மேனின் திருமணத்தை அழித்தது. 1987இல் பீட்டர் பார்க்கரும் மேரி ஜேனும் மணந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, அத்தையின் உயிரைக் காப்பாற்ற ஒரு பேயிடம் திருமணத்தை விலையாகக் கொடுத்ததாக எழுதி, அது நடக்கவேயில்லை என்று ஆக்கிவிட்டார்கள். மணவிலக்கு என்று எழுதியிருந்தால்கூட ஏற்றிருப்பேன், அதுவும் வாழ்க்கைதான். வாசகர் கூடவே வாழ்ந்த இருபது ஆண்டுகளை இல்லை என்பது மரணத்தைவிடக் கொடியது.

பேரன் சூப்பர்மேன் கேட்கிறான். கடையில் மலைபோல் குவிந்திருக்கிறது. எதை வாங்க?
– ஒரு பாட்டி, கோட்டையூர்

ஆச்சி, தொடர் இதழ்களில் கை வைக்காதீர்கள். 2005 முதல் 2008 வரை 12 இதழ்களாக வந்த ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’ தொகுப்பை வாங்குங்கள். முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கதையும் அதிலேயே முடிகிறது. தான் இறக்கப்போவதை அறிந்த சூப்பர்மேன் மிச்ச நாளில் என்னென்ன செய்து முடிக்கிறார் என்பதுதான் கதை. பேரன் மிகச் சிறியவன் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.

காப்புரிமை முடிந்தபிறகு யார் வேண்டுமானாலும் சூப்பர்மேனுக்கு முடிவு எழுதலாமாமே?
– அதே புதுவயல் மாணவர்

அமெரிக்கச் சட்டப்படி 1938இல் வந்த முதல் கதை 2034 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆகும். பேட்மேனின் முதல் கதைக்கு 2035. ஆனால் விடுபடுவது அந்த முதல் கதைகளில் உள்ளவை மட்டுமே. 1938இன் சூப்பர்மேன் பறக்கமாட்டார், தாவுவார். கிரிப்டோனைட் அப்போது கிடையாது. பிற்காலத்தில் சேர்ந்தவை ஒவ்வொன்றும் அதனதன் ஆண்டில்தான் விடுபடும். பெயர், சின்னம் ஆகியவற்றின் வணிகக் குறி உரிமை தனியாக நிற்கும். எழுத விரும்புகிறாய் என்றால் தம்பி, அந்தத் தாவுகிற ஆளைப் படித்துவிட்டுத் தொடங்கு. சீகலும் ஷஸ்டரும் உருவாக்கிய அந்த முதல் சூப்பர்மேன் ஊழல் அரசியல்வாதியையும் மனைவியை அடிப்பவனையும் பிடித்து உலுக்குகிறவர். அவருக்குப் பொருத்தமான முடிவை இதுவரை யாரும் எழுதவில்லை.