வலிப்பும் மூக்குவழிக் குழாயுமாக வீட்டுக்கு வந்திருக்கும் குழந்தையை எப்படிக் கவனிப்பது? எதிலிருந்து தொடங்குவது?

உங்கள் மகளுக்கு ஐந்து மாதம். பிறக்கும்போது மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போனதால் வலிப்பு. உறிஞ்சிக் குடிக்க முடியாததால் குழாய். நான்கு கிளினிக்குகளுக்குத் திகதி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனும் இதே நிலையில்தான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். இப்போது அவனுக்கு மூன்று வயது. என் பதில் இதுதான்: இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள்.

நரம்பியல் வைத்தியர் வலிப்பைப் பார்க்கிறார். கண் வைத்தியர் கண்ணைப் பார்க்கிறார். பிசியோதெரபியில் கழுத்தையும் இடுப்பையும் பார்க்கிறார்கள். மருத்துவ மாது எடை போடுகிறார். இவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பத்து நிமிடம். பிள்ளையை முழுதாகப் பார்ப்பவர் நீங்கள் மட்டும்தான். நீங்கள் கண்டது எழுத்தில் இல்லாவிட்டால் கிளினிக் வாசலில் பாதி மறந்துபோகும். தமிழில் நினைத்து, தெரிந்த சிங்களத்தில் சொல்ல முயலும் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் அதிகமாக மறக்கும்.

மகனுக்கு ஐந்தாம் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் குனியும், இரண்டு கைகளும் விரியும், ஒரு கணத்தில் அடங்கும். சில விநாடிகளில் மறுபடியும் அதே குனிதல். மாமி வாயு என்றார். ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலும் வாயு என்றே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் நான் எழுதி வைத்திருந்தேன்: காலை 6.10, பதினான்கு தடவை, பகல் 1.40, பதினொரு தடவை. இரண்டும் தூக்கம் கலைந்தவுடன். கணவர் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்தார். திகதி வரும்வரை காத்திராமல் நரம்பியல் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வைத்தியர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார், கொப்பியை வாங்கி வாசித்தார், அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி பரிசோதனையில் உறுதியானது. இது கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு, இன்ஃபன்டைல் ஸ்பாசம்ஸ் என்பார்கள். பெரும்பாலும் முதல் வயதுக்குள், அதிலும் நான்கு முதல் ஏழு மாதத்தில்தான் அதிகம் தொடங்கும். உடம்பு முழுவதும் உதறாததால் பார்ப்பவரை ஏமாற்றிவிடும். சிகிச்சை தாமதித்தால் வளர்ச்சி பாதிக்கப்படும். உங்கள் மகள் அந்த வயதில்தான் இருக்கிறாள். இப்படி ஏதாவது தெரிந்தால் யார் என்ன சொன்னாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரிய வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம், கையில் இரும்பு கொடுப்பதாலும் பயன் இல்லை. உடனே மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது உடம்பு நீலம் பாரித்தால், 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது.

கொப்பியில் எடையையும் எழுதுங்கள். வலிப்பு மருந்தின் அளவு எடையை வைத்தே கணக்கிடப்படுகிறது. பிள்ளை வளர வளர பழைய அளவு போதாமல் போகலாம். புதிய எடையை வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். மருந்தை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

குழாயைப் பற்றி முதல் வாரம் எனக்கிருந்த பயம் கொஞ்சமல்ல. மூக்கருகே குழாயில் பேனாவால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் பால் விடுவதற்கு முன் அந்தக் கோடு இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குழாய் வழியாகச் சிரிஞ்சால் வயிற்று நீரைச் சிறிது உறிஞ்சி எடுத்து, தாதி காட்டித்தந்த தாளில் அமிலம் தெரிகிறதா என்று பாருங்கள், குழாய் வயிற்றில் இருப்பதற்கு அதுதான் அடையாளம். காற்றை ஊதிச் சத்தம் கேட்டுப் பார்க்கும் பழைய முறையை நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் பால் விடாதீர்கள். தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, வெறும் குழலில் பாலை ஊற்றி உயர்த்திப் பிடித்தால் அது தானாக இறங்கும். கையை உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் மெதுவு. இருமினால் உடனே குழாயை மடித்துப் பிடியுங்கள். பால் இறங்கும்போது ஒரு விரலை அவள் உதட்டில் வைத்துப் பேசுங்கள். வயிறு நிறைவதும் வாயில் கிடைக்கும் இதமும் சேர்ந்து நடக்கட்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

என் மகனுக்குக் கண் நன்றாக இருந்தது. கண் அனுப்புவதை மூளை வாங்கிக்கொள்ளவில்லை. நாங்கள் பலநிறப் பொம்மைகளைக் கட்டித் தொங்கவிட்டு, கிலுகிலுப்பையும் ஆட்டினோம். அவன் பார்க்கவே இல்லை. ஒருநாள் மாமி சாமிப்படத்துக்கு வைக்கக் கொண்டுவந்த செவ்வரத்தம்பூவைத் தன் கறுத்தச் சேலைக்கு முன்னால் பிடித்தபடி அவனைக் கடந்து போனார். அவன் கண்கள் மெல்ல நகர்ந்தன. மாமி திரும்பி வந்தார், கண்களும் திரும்பின. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே நிறம், ஒரே பொருள், சிறு அசைவு, சத்தமில்லாத அறை வேண்டும் என்று அடுத்த கிளினிக்கில் சொன்னார்கள். சிவப்பும் மஞ்சளும் பல பிள்ளைகளுக்கு முதலில் எட்டும். அன்றைய பக்கத்தில் “செவ்வரத்தம்பூ, காலை 8.20, இரண்டு பக்கமும் பார்த்தான்” என்று மாமியே எழுதினார்.

அதன் பிறகு கொப்பி இரண்டு பேருடையது ஆனது. இரவு இரண்டு மணிப் பாலை மாமி கொடுத்தார், நான் தூங்கினேன். உங்கள் வீட்டிலும் ஒருவருக்காவது குழாயையும் மருந்தையும் இந்த வாரமே பழக்கிவிடுங்கள்.

“நடப்பாளா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து மாதத்தில் எந்த நல்ல வைத்தியரும் இதற்கு உறுதியாகப் பதில் சொல்லமாட்டார். என் மகன் இன்னும் நடக்கவில்லை. முதுகுக்குத் தாங்கல் கொடுத்தால் உட்காருகிறான், கஞ்சியைக் கரண்டியில் விழுங்குகிறான், மாமியின் குரல் படியில் கேட்டால் கதவுப் பக்கம் தலையைத் திருப்புகிறான். இப்போது ஆறாவது கொப்பி.