ஜமைக்கா தோட்ட டாக்டர் குறிப்பை எப்படி எடுத்துக்கறது?

அடிமைகளுக்கு நல்ல வைத்தியம் கிடைச்சுதுன்னு ஒரு தோட்ட டாக்டர் எழுதினத ப்ராஜெக்ட்ல அப்படியே போடலாமான்னு கேட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு போடாதீங்க. உதாரணத்துக்கு ஜான் க்வையர்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர், 1768ல ஜமைக்கால பெரியம்மை பரவினப்ப சுமார் 850 அடிமைகளுக்கு பெரியம்மைப் புண்ணோட சீழை எடுத்து அம்மை குத்தினார், உயிரைக் காப்பாத்தினதும் உண்மைதான், ஆனா அதே சாக்குல நிறைமாச கர்ப்பிணி, பச்சக்குழந்தைன்னு பார்க்காம குத்தி, சிலருக்குத் திரும்பத் திரும்பக் குத்தி என்ன ஆகுதுன்னு லண்டன்ல இருந்த டாக்டருக்கு லெட்டர் எழுதினார். அந்தப் பொம்பளைங்கள யாரு கேட்டா? சம்மதம் முதலாளியோடது. அப்போ அங்க டாக்டர் ஃபீஸே அடிமை தலைக்கு வருஷத்துக்கு இவ்ளோன்னு எஸ்டேட்தான் கொடுத்துச்சு. அதனால காசு யாரு கொடுத்தா, முடியாதுன்னு சொல்ல வழி இருந்துச்சான்னு மொதல்ல பாருங்க. எஸ்டேட் சொத்துக் கணக்கு கிடைச்சா அதையும் பக்கத்துல வெச்சுப் படிங்க, ஆள் பேருக்கு நேரா விலை போட்டிருப்பாங்க.