அறைத்தோழி யார்?

கேள்வி: மகளுக்குக் காரைக்குடியில் கல்லூரி விடுதி கிடைத்திருக்கிறது. பள்ளித் தோழியோடு ஒரே அறை கேட்டோம், தரவில்லை. எந்தக் கணக்கில்தான் ஒதுக்குகிறார்கள்?
- வாசகி, தேவகோட்டை

பதில்: பதினோரு ஆண்டுகள் விடுதிக் காப்பாளராக இருந்தவள் நான். பெரிய சிதம்பர ரகசியம் ஒன்றுமில்லை, ஆச்சி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிப்படி, முதலாண்டுப் பிள்ளைகளைக் கூடுமானவரை தனிக் கட்டடத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு, எங்கள் விடுதியில் கட்டண ரசீது வரிசைதான். மூன்று பெயர் சேர்ந்ததும் ஓர் அறை நிரம்பிவிடும். சில கல்லூரிகளில் துறைவாரியாகப் பிரிப்பார்கள், சிலவற்றில் குலுக்கல்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை கொடுப்பார்களே, அதில் வராத சண்டையா! எங்கள் விடுதியில் ஒரு வருடம் ஜன்னலோரக் கட்டிலுக்காக இரண்டு பெண்கள் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் மாலை எட்டிப்பார்த்தேன். அதே கட்டிலில் இருவரும் சம்மணமிட்டு, நடுவில் கைமுறுக்கு டப்பா. மூன்றாமவள் வீட்டிலிருந்து வந்தது அது.

ஒரே பள்ளிக்காரர்களை நானே வேண்டுமென்று பிரித்ததும் உண்டு. இருவர் கூடிக்கொண்டால் அறையில் மூன்றாவது பெண் அநாதை.

ஒரு மாதம் பொறுங்கள். பிறகும் ஒத்துவராவிட்டால் மாற்றம் கேட்டு மகளே கடிதம் எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டாம். அலமாரிக்கு நல்ல பூட்டு ஒன்று, இரண்டு சாவியோடு, கொடுத்தனுப்புங்கள்.