எல்லா நாட்டுச் செய்தித்தாள்களும் ஒரே மாதிரி உருவகங்களைத்தான் பயன்படுத்துகின்றனவா?

பாதிக்குப் பாதி, ஆமாம். தேர்தலைப் போராகச் சொல்வது ஏறக்குறைய எங்கும் உண்டு; நம் தினசரிகளிலும் வேட்பாளர் 'களம் இறங்குவார்', பிரசாரத்தில் 'அனல் பறக்கும்'. மீதி அந்தந்த ஊர்ச் சரக்கு. அமெரிக்காவில் தேர்தல் குதிரைப் பந்தயம். ஜப்பானில் பதவி ஆட்டம் காணும் தலைவர் சுமோ வளையத்தின் விளிம்பில் நிற்பார்.

எனக்குப் பிடித்தது ஜெர்மனி. அங்கே கட்சிக்கு ஒரு நிறம்: சமூக ஜனநாயகக் கட்சி சிவப்பு, சுதந்திர ஜனநாயகக் கட்சி மஞ்சள், பசுமைக் கட்சி பச்சை. 2021-இல் மூன்றும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. பத்திரிகைகளுக்கு அது 'டிராஃபிக் சிக்னல்' கூட்டணி. 2024 நவம்பரில் சான்சலர் (நம் பிரதமர் போன்ற பதவி) ஷோல்ஸ் நிதியமைச்சரை நீக்க, கூட்டணி உடைந்தது. 'சிக்னல் முடிந்தது' என்ற பொருளுள்ள சொல்லே அங்கே அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்வானது! சிவப்புக்குப் பதில் கறுப்பு நிறக் கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி சேர்ந்தால் 'ஜமைக்கா' கூட்டணி. அந்த நாட்டுக் கொடியின் நிறங்கள் அவை. ஜமைக்காக்காரர் படித்தால் தலை சுற்றும்.

சில உருவகங்கள் கடல் கடந்தும் வரும். நம் பங்குச் சந்தைச் செய்திகளில் விலை ஏறினால் வரும் காளையும், இறங்கினால் வரும் கரடியும் ஆங்கில இறக்குமதி. காளை சரி, கரடி ஏன் விலையை இறக்குகிறது என்று யாரும் கேட்பதில்லை.