அரிசிப் பெட்டியில் இருந்த துணிப்பை

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். பணம் என் கணக்குக்கு வந்துவிடும். பால்காரர், மீன்காரர் எல்லோருக்கும் போனில்தான் கொடுக்கிறேன். "வீட்டில் ரொக்கம் எதற்கு, கள்ளன் கொண்டு போகவா?" என்று அவர் கேட்கிறார். போன வாரம் அரிசிப் பெட்டியைத் துடைத்தபோது மாமியார் ஒளித்து வைத்த துணிப்பை கிடைத்தது. 500 ரூபாய் நோட்டு 22, 2000 ரூபாய் நோட்டு இரண்டு, எலி கடித்த 500 ஒன்று. மாமியாருக்கு இழுப்பு உண்டு. வீட்டில் பணம் வைக்கத்தான் வேண்டுமா? எவ்வளவு?
– ஒரு வாசகி, கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: வைக்க வேண்டும் மக்ளே. 31 வருஷம் வங்கியில் காசு எண்ணியவள் சொல்கிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அருமனைப் பக்கம் எங்கள் தெருவில் ரப்பர் மரங்கள் கம்பி மேல் விழுந்து கிடந்தன. அன்று சாயங்காலமே போன் செத்தது, ஏ.டி.எம். இருட்டு. எங்களுக்குக் கரண்ட் வர ஒன்பது நாள் ஆனது. கிணறு நிறையத் தண்ணீர், ஏற்ற மோட்டார் ஓடாது. ஜெனரேட்டர் கொண்டு வந்த பையன் ஒரு தொட்டி நிறைக்க 300 ரூபாய் கேட்டான். என் கையில் இருந்தது இரண்டு 2000 ரூபாய் நோட்டு. அவனிடம் சில்லறை இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் கோழிமுட்டைக் காசில் இருந்து பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாக எண்ணிக் கொடுத்தார். அன்று முதல் என் வீட்டில் சில்லறை நோட்டு இல்லாத நாள் கிடையாது.

உன் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு மாமியாருக்கு இழுப்பு வந்தால் முதலில் பாறசாலை ஆஸ்பத்திரி, அங்கே முடியாவிட்டால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். காருக்கு, மருந்துக்கு, ஸ்கேனுக்கு, கூட நிற்பவர் சாப்பாட்டுக்கு. அதோடு கரண்ட் இல்லாத ஒரு வாரத்துக்கு வீட்டுச் செலவு. 15,000 போதும். அதில் 8,000 மட்டும் 500 நோட்டாக இருக்கட்டும். மீதி 7,000 நூறு, ஐம்பது, இருபதாக. அதற்கு மேல் உள்ளது வங்கியிலேயே கிடக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. உன் வீட்டுக்காரர் கள்ளனுக்குப் பயப்படுவதும் நியாயம்தான், அதனால்தான் 50,000 வை என்று நான் சொல்லவில்லை.

அரிசிப் பெட்டி வேண்டாம். நம் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நோட்டு ஈரம் பிடித்து ஒட்டிக்கொள்ளும், எலியும் வரும். இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா போதும். மாமியாரின் ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆதார் நகல், இரண்டாயிரம் ரூபாய், மூன்றும் தனியாக ஒரு பையில் இருக்கட்டும். ராத்திரி அவசரத்தில் அந்தப் பையை மட்டும் எடுத்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பா நோட்டைச் செலவழித்து வேறு நோட்டு வை.

எலி கடித்த 500: பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம், 40 முதல் 80 வரை என்றால் பாதி. உன் வங்கியிலேயே கேள்.

அப்புறம் முக்கியமானது. அரிசிப் பெட்டியில் கிடைத்த துணிப்பையை மாமியாரிடமே திருப்பிக் கொடு. 2016 நவம்பரில் 500, 1000 செல்லாது என்று அறிவித்தபோது, புருஷனுக்குத் தெரியாமல் வருஷக்கணக்காகச் சேர்த்ததை முந்தானையில் முடிந்துகொண்டு என் கவுண்டருக்கு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். பணம் மாறியது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே என்று அழுதார்கள். உன் மாமியாரை அப்படி நிறுத்தாதே. "அம்மா, டப்பா இங்கே இருக்கிறது, உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்" என்று சொல். நீ வீட்டில் இல்லாத நேரத்தில் எடுக்க வேண்டியவர் அவர்தான்.

அந்த இரண்டு 2000 நோட்டும் செல்லாமல் போகவில்லை. 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு வங்கிகளில் மாற்ற முடியாது, ரிசர்வ் வங்கியின் அலுவலகத்தில்தான் மாற்ற வேண்டும். உனக்குச் சென்னை தூரம். திருவனந்தபுரத்திலும் அந்த அலுவலகம் இருக்கிறது. அடுத்த முறை மாமியாரை டாக்டரிடம் காட்டக் கூட்டிப் போகும்போது அப்படியே அங்கேயும் போய் வா. ஆதார் அட்டையை எடுத்துக்கொள். நோட்டை அவர் கையாலேயே கொடுக்கட்டும்.