கணினிக் கேள்வி பதில்: சந்தா கட்டுவதா, இலவசப் பதிப்பில் இருப்பதா?

கேள்வி: புறக்கோட்டையில் எங்களுக்கு மொத்த வியாபாரக் கடை ஒன்று இருக்கிறது. கணக்கு, கையிருப்பு, பற்றுச்சீட்டு எல்லாம் மேல்மாடியிலுள்ள ஒரு சேர்வரில்தான் ஓடுகின்றன. அதில் சென்ட்ஓஎஸ் 7 என்ற இலவசப் பணிசெயல் முறைமை இருக்கிறது. அதன் காலம் முடிந்துவிட்டதென்றும், ரெட் ஹாட் நிறுவனத்தின் சந்தாவை வாங்குவதே பாதுகாப்பென்றும் ஒரு விற்பனையாளர் சொல்கிறார். சேர்வரை அமைத்துத் தந்த என் மருமகனோ, வேறோர் இலவசப் பதிப்புக்கு மாறினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: காலம் முடிந்தது உண்மை. சென்ட்ஓஎஸ் 7 இற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30 உடன் நின்றுவிட்டன. அதற்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் உங்கள் சேர்வரில் திறந்தபடியே கிடக்கின்றன. ஆகவே எந்தப் பக்கம் போவதாயினும் இருக்கிற இடத்தில் இருக்க முடியாது.

இந்த இரண்டு பக்கங்களும் எப்படி உண்டாயின என்பதை அறிந்தால் தெரிவு எளிதாகும். லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் தனது பழைய வெளியீட்டை ரெட் ஹாட் 2003 இல் நிறுத்தி, நிறுவனங்களுக்குச் சந்தா முறையிலான எண்டர்பிரைஸ் பதிப்பென்றும், ஆர்வலர்களுக்கு ஃபெடோரா என்றும் இரு வழிகளாகப் பிரித்தது. எண்டர்பிரைஸ் பதிப்பின் மூல நிரல் (மென்பொருளை ஆக்கும் அடிப்படைக் கட்டளைத் தொகுதி) எவரும் எடுக்கும்படி திறந்திருந்தமையால், அதை எடுத்து நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் நீக்கி மீண்டும் தொகுத்து இலவசமாகத் தந்தவர்களே சென்ட்ஓஎஸ் குழுவினர். 2014 இல் அந்தக் குழுவை ரெட் ஹாட் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2029 வரை நிலைக்கும் என்று நம்பிப் பலர் நிறுவிய சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு முடிந்துவிடும் என 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பால் எழுந்த கோபத்தில், பழைய சென்ட்ஓஎஸின் இடத்தை நிரப்பும் இலவசப் பதிப்புகளாகப் பிறந்தவைதான் 2021 இல் வெளிவந்த அல்மாலினக்ஸும் ரொக்கி லினக்ஸும். உங்கள் மருமகன் மனதில் வைத்திருப்பது இவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

ஆக, இரு பக்கத்திலும் மென்பொருள் ஏறத்தாழ ஒன்றே. காசு கொடுத்து நீங்கள் வாங்குவது, பழுது வந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரை. விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வியும் இதிலிருந்தே வருகிறது: எந்தத் தரச் சந்தா? ஏனெனில், மிகக் குறைந்த விலைச் சந்தாவில் திருத்தங்களும் அறிவுக் களஞ்சியமும் கிடைக்குமே தவிர, பழுதைப் பதிவுசெய்து நிபுணரின் உதவியைக் கோரும் உரிமை கிடையாது. மாத முடிவில் சேர்வர் படுத்துக்கொண்டால் அப்போதும் உங்கள் மருமகனைத்தான் கூப்பிடுவீர்கள். உதவியுள்ள சந்தா கணிசமாக விலை கூடியது; அதுவும் டொலர்க் கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டியதைக் கொழும்பு வியாபாரி ஒருவருக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை.

ஆனாலும் சந்தாவை ஒதுக்கிவிட முடியாத நிலை ஒன்று உண்டு. உங்கள் கணக்கு மென்பொருளைத் தந்தவர், சான்றளிக்கப்பட்ட பணிசெயல் முறைமையில் ஓடினால் மட்டுமே பராமரிப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கக்கூடும். அப்படியானால் பேச்சுக்கு இடமில்லை, சந்தாவை வாங்குங்கள். அந்த ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். அப்படியொரு நிபந்தனை இல்லாமலும், மருமகன் கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்திலும் இருந்தால், என் தெரிவு அல்மாலினக்ஸ் 9. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2032 மே மாதம் வரை கிடைக்கும்.

புதியது இருக்க 9 ஏன் என்று கேட்பீர்கள். 2025 இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் 10 பழைய புரொசெசர்களைக் கைவிட்டுவிட்டது. இன்டெல் வகையில், ஏறக்குறைய 2013 இற்கு முற்பட்டவற்றில் அது நிறுவப்படாது. அரிசி மூட்டைத் தூசிக்கு நடுவே, மின்விசிறி இரைய ஓடிக்கொண்டிருக்கும் மேல்மாடிச் சேர்வர்கள் பல அந்த வயதுக்காரர்கள்தான். அல்மாலினக்ஸ் 10 இல் பழைய புரொசெசர்களுக்கென்றே தனிப் பதிப்பு ஒன்று உண்டு என்றாலும், உங்கள் மென்பொருள் அதில் ஓடுமா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

மாற்றும் முறையில் ஓர் எச்சரிக்கை. இருக்கிற முறைமையை அப்படியே 7 இலிருந்து 8 இற்கும், பின்னர் 9 இற்கும் உயர்த்தும் கருவிகள் உள்ளன. கடைச் சேர்வரில் அதை முயலாதீர்கள். வேறொரு கணினியில் 9 ஐப் புதிதாக நிறுவி, காப்புப் பிரதியை அதில் மீட்டு, கடந்த மாதத்துப் பற்றுச்சீட்டுகளை எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, ஒரு போயா விடுமுறையில் மாற்றுங்கள். காப்புப் பிரதியிலிருந்து எதையுமே மீட்க முடியவில்லை என்ற செய்தி பெரும்பாலும் இந்த ஒத்திகையில்தான் வெளிவரும்.

கேள்வி: சேர்வர் நிர்வாகம் கற்றுத் தொழில் தேட விரும்புகிறேன். பயிற்சிக்கு ரெட் ஹாட் சந்தாவை விலை கொடுத்து வாங்க வேண்டுமா?
மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டியதில்லை. தனிநபர்களுக்கான இலவச டெவலப்பர் சந்தாவில் பதிவுசெய்தால், 16 கணினிகள் வரை அசல் எண்டர்பிரைஸ் பதிப்பையே நிறுவலாம். ஆர்எச்சிஎஸ்ஏ என்ற, ரெட் ஹாட்டின் சேர்வர் நிர்வாகச் சான்றிதழுக்கான பரீட்சை முழுவதும் செய்முறையாக நடப்பது. விடைகளை மனனஞ்செய்து தேற முடியாது. எனவே மடிகணினியில் இரண்டு மெய்நிகர் கணினிகளை (மென்பொருளாகவே உள்ளே ஓடும் கணினிகளை) அமைத்து, ஒன்றை வேண்டுமென்றே கெடுத்து, கடவுச்சொல் மறந்த நிலையிலிருந்து அதை மீட்கப் பழகுங்கள். இந்தச் சந்தா உங்கள் பெயருக்குரியது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில், நிறுவனச் சேர்வர்களை அதன் கீழ் பதியச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.